கல்லில் யார் பெயர் இருக்கிறது? யூதப் படுகொலை நினைவிடங்கள் ஏன் சர்ச்சையாகின்றன

பெர்லின் நடைபாதைகளில் கல்லோடு கல்லாகச் சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள் பதிந்திருக்கும். பத்து சென்டிமீட்டர் சதுரம், உள்ளங்கை அளவுதான். நாஜிகளால் கொல்லப்பட்ட ஒருவர் வாழ்ந்த வீட்டின் வாசல் இது என்று அந்தத் தகடு சொல்லும். அந்த நகரத்தில் மட்டும் இப்படிப் பத்தாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அதே ஜெர்மனியின் மியூனிக்கில், பொதுச் சாலையில் இந்தக் கற்களைப் பதிக்கக் கூடாது என்று 2004-ல் மாநகராட்சி முடிவெடுத்தது. அந்த முடிவுக்காக முன்னின்று வாதாடியவர், சிறுமியாக நாஜிகளிடமிருந்து தப்பிப் பிழைத்த ஒரு யூதப் பெண்மணி.

இப்படி ஒரு செய்தியைப் படிக்கும்போது குழப்பமாகத்தான் இருக்கும். பாதிக்கப்பட்டவர்களே நினைவுக்கல் வேண்டாம் என்பார்களா? ஹங்கேரியில் ஒரு நினைவுச்சின்னத்தை ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுவந்து வைத்தது ஏன்? போலந்தில் பல வருடம் நின்ற கல்வெட்டைப் பெயர்த்தெடுத்தது ஏன்? செத்தவர்களுக்கு அஞ்சலி செலுத்துவதில் சண்டை போட என்ன இருக்கிறது?

இந்த மக்கள் செத்தார்கள் என்பதில் அந்தச் சமூகங்களில் பெரிய தகராறு இல்லை. கல்லில் என்ன எழுதுவது என்பதில்தான் தகராறு. இறந்தவர் யார்? கொன்றவர் யார்? இரண்டு கேள்விக்கும் நேராகப் பதில் எழுதிய நினைவிடங்கள் மிகக் குறைவு.

1. முதலில் சில சொற்கள்

ஹோலோகாஸ்ட்: நாஜிகள் நடத்திய யூதப் படுகொலையைக் குறிக்கும் சொல். 'முழுவதும் எரிக்கப்பட்ட பலி' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பலி என்றால் கடவுளுக்குக் கொடுப்பது, இது கொலை. அதனால் யூதர்களில் பலருக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. 'பேரழிவு' என்று பொருள்படும் ஷோவா என்ற எபிரேயச் சொல்லையே அவர்கள் விரும்புகிறார்கள்.

இனப்படுகொலை: ஆங்கிலத்தில் ஜெனோசைட். போலந்து யூத வழக்கறிஞர் ரஃபேல் லெம்கின் 1944-ல் உருவாக்கிய சொல். 1948 டிசம்பரில் ஐ.நா. இதற்கென ஓர் உடன்படிக்கையையே நிறைவேற்றியது.

நினைவுச்சின்னம்: தமிழில் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்தான். ஜெர்மானியர்கள் பிரித்துச் சொல்கிறார்கள். பெருமைக்காக எழுப்புவது ஏரன்மால். பொதுவாக நினைவுகூர்வது டெங்க்மால். 'மறுபடி இப்படி நடக்கக் கூடாது' என்று எச்சரிக்க எழுப்புவது மான்மால். தன் நாடு செய்த குற்றத்துக்குத் தன் தலைநகரிலேயே சின்னம் எழுப்புவது வழக்கமில்லாத வேலை. அதற்குத் தனிச் சொல் தேவைப்பட்டதில் வியப்பில்லை.

நினைவு நாளும் இரண்டு உண்டு. நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலை முகாமை சோவியத் படை 1945 ஜனவரி 27 அன்று விடுவித்தது. அந்தத் தேதியை ஐ.நா. 2005-ல் உலக நினைவு நாளாக்கியது. இஸ்ரேலில் அனுசரிக்கும் யோம் ஹஷோவா எபிரேய நாட்காட்டிப்படி ஏப்ரல் அல்லது மே தொடக்கத்தில் வரும். 1943 ஏப்ரலில் வார்சா கெட்டோவில் (யூதர்களை அடைத்துவைத்த நகரப் பகுதி) யூதர்கள் ஆயுதம் ஏந்தி எழுந்த காலத்தை ஒட்டிய நாள் அது. அன்று காலை 10 மணிக்குச் சங்கு ஒலிக்கும். நெடுஞ்சாலையில் போகிற வண்டிகள்கூட நின்றுவிடும். முதல் நாள், வெளியிலிருந்து வந்தவர்கள் விடுவித்த நாள். இரண்டாவது, உள்ளே இருந்தவர்கள் எதிர்த்து நின்ற நாள். எந்த நாளைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதே ஒரு கருத்தைச் சொல்லிவிடுகிறது.

2. கல்லறை இல்லாத சாவு

நாஜி ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் சுமார் 60 லட்சம் யூதர்களைக் கொன்றார்கள். அதில் ஏறக்குறைய 15 லட்சம் பேர் குழந்தைகள். கொன்ற விதம் பெரும்பாலும் மூன்று.

1. ஊருக்கு வெளியே பள்ளத்தாக்கிலும் காட்டிலும் சுட்டுக்கொன்றது. 1941-ல் சோவியத் நாட்டுக்குள் ஜெர்மன் படை நுழைந்ததும் தொடங்கியது இது.

2. ஆக்கிரமித்த போலந்தில் அமைத்த கொலை முகாம்களுக்கு ரயிலில் கொண்டுபோய் நச்சுவாயுவால் கொன்றது.

3. கெட்டோக்களிலும் வேலை முகாம்களிலும் பட்டினி போட்டும் நோயில் தள்ளியும் சாகவிட்டது.

மூன்றிலுமே தனித்தனிக் கல்லறை கிடையாது. அதோடு, கொலைக்கான தடயத்தை அழிப்பதும் திட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. ட்ரெப்ளிங்கா முகாமில் ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றுவிட்டு, கட்டடங்களை இடித்து, நிலத்தை உழுது, மேலே ஒரு பண்ணை வீட்டையும் கட்டிவிட்டுப் போனார்கள். இன்று அங்கே சுமார் 17,000 கற்கள் நடப்பட்டிருக்கின்றன. பலவற்றில் ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன, இங்கே கொண்டுவரப்பட்டவர்களின் ஊர்கள். ஆள் பெயர் ஒரே ஒரு கல்லில்தான் இருக்கிறது: யானுஷ் கோர்ச்சாக். வார்சா கெட்டோவில் அனாதை இல்லம் நடத்திய மருத்துவர். தான் தப்பிக்க வழி இருந்தும், 1942 ஆகஸ்டில் சுமார் 200 குழந்தைகளோடு ரயிலேறினார்.

தங்கள் சாவுக்குச் சாட்சி இருக்காது என்பது கெட்டோவில் இருந்தவர்களுக்கே புரிந்திருந்தது. வார்சாவில் எமானுவேல் ரிங்கல்ப்ளும் என்ற வரலாற்றாசிரியர் ஒரு ரகசியக் குழு அமைத்தார். நாட்குறிப்பு, ரேஷன் அட்டை, சுவரொட்டி, பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை, மிட்டாய்க் காகிதம் வரை சேர்த்தார்கள். அதையெல்லாம் தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் அடைத்து மண்ணுக்குள் புதைத்தார்கள். 1946-ல் ஒரு பகுதியும் 1950-ல் இன்னொரு பகுதியும் கிடைத்தன. மூன்றாவது பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை. ரிங்கல்ப்ளும் 1944-ல் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். படுகொலையின் முதல் நினைவுச்சின்னம் எது என்று கேட்டால், அந்தப் பால் கேன்களைத்தான் நான் சொல்வேன். எந்த அரசும் எழுப்புவதற்கு முன்னால், சாகப்போகிறவர்களே எழுப்பிக்கொண்டது அது.

3. "இறந்தவர் யார்?": 'சோவியத் குடிமக்கள்' என்ற சொல்

உக்ரைன் தலைநகர் கீவில் 1941 செப்டம்பர் 28 அன்று ஒரு சுவரொட்டி ஒட்டப்பட்டது. நகரத்து யூதர்கள் அனைவரும் மறுநாள் காலை 8 மணிக்குள் குறிப்பிட்ட தெருமுனைக்கு வர வேண்டும். ஆவணங்கள், பணம், கதகதப்பான உடை எடுத்துவர வேண்டும். கதகதப்பான உடை என்றதும், வேறு ஊருக்குக் குடியேற்றப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பலரும் வந்தார்கள். பாபி யார் என்ற பள்ளத்தாக்கின் விளிம்பில் நிறுத்தி இரண்டே நாளில் 33,771 பேரைச் சுட்டார்கள். இந்த எண் கொலைகாரர்களே பெர்லினுக்கு அனுப்பிய அறிக்கையில் உள்ளது. பிறகு இரண்டு ஆண்டுகள் அதே இடத்தில் ரோமா மக்கள், போர்க்கைதிகள், மனநோயாளிகள் என்று மேலும் பல்லாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள்.

போர் முடிந்ததும் சோவியத் அரசு என்ன செய்தது? நெடுங்காலம் ஒன்றும் செய்யவில்லை. பக்கத்துச் செங்கல் சூளைகளின் சேற்றுக்கழிவை அந்தப் பள்ளத்தாக்கில் கொட்டி நிரப்பினார்கள். 1961 மார்ச்சில் தடுப்பணை உடைந்து, அந்தச் சேறு கீழே இருந்த குடியிருப்புகளை மூழ்கடித்தது. அதே ஆண்டு கவிஞர் யெவ்துஷென்கோ அங்கே நினைவுச்சின்னம் இல்லாததைக் கண்டித்துக் கவிதை எழுதினார். நாடே அதைப் பற்றிப் பேசியது. கடைசியில் 1976-ல் பிரம்மாண்டமான வெண்கலச் சிலைத்தொகுதி வந்தது. அதன் கல்வெட்டில் 'சோவியத் குடிமக்கள்' என்று இருந்தது, 'போர்க்கைதிகள்' என்று இருந்தது. 'யூதர்' என்ற சொல் இல்லை.

அரசு சொன்ன நியாயம் கேட்க நன்றாகவே இருக்கும்: செத்தவர்களை இனம் பிரிக்காதீர்கள், எல்லாரும் நம் மக்கள்தானே. ஆனால் கொன்றவன் பிரித்தானே! அந்தச் சுவரொட்டி கீவின் குடிமக்களைக் கூப்பிடவில்லை, யூதர்களைக் கூப்பிட்டது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் எதற்காகக் கொன்றார்கள் என்பதே மறைந்துபோகிறது. அதே சோவியத் அரசு 1948-ல் யூதர்களின் பாசிச எதிர்ப்புக் குழுவைக் கலைத்து, அதன் தலைவர்கள் பலரைப் பின்னர் சுட்டுக்கொன்றது. கல்வெட்டில் அந்தச் சொல் விடுபட்டதைச் சமத்துவக் கொள்கை என்று ஏற்க இதற்கு மேலும் முடியாது. மெனோரா என்ற யூதர்களின் விளக்கு வடிவில் யூதர்களுக்கான சின்னம் பாபி யாரில் வந்தது 1991-ல்தான், படுகொலை நடந்து ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு.

ஆஷ்விட்ஸிலும் இதுதான் நடந்தது. அங்கே கொல்லப்பட்டவர்கள் சுமார் 11 லட்சம். அவர்களில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் யூதர்கள். கம்யூனிச காலப் பலகைகளிலோ 40 லட்சம் பேர் என்றிருந்தது, யூதர்கள் என்ற குறிப்பு இல்லை. 1990-ல் அந்தப் பலகைகளை அகற்றினார்கள். ஆய்வாளர்கள் எண்ணிக்கையைத் திருத்தியதைப் பிடித்துக்கொண்டு 'பார்த்தீர்களா, எல்லாமே பொய்' என்று, படுகொலையே நடக்கவில்லை என்னும் மறுப்பாளர்கள் இன்றும் பேசுகிறார்கள். 60 லட்சம் என்ற மொத்தக் கணக்கு அந்த 40 லட்சத்தை வைத்து வந்ததே இல்லை. நாடு வாரியாக, ரயில் வாரியாக, போருக்கு முன்னும் பின்னும் எடுத்த மக்கள்தொகைக் கணக்குகளை வைத்துப் போட்ட கணக்கு அது.

4. "கொன்றவர் யார்?": இன்னும் கடினமான கேள்வி

இறந்தவர் யூதர் என்று எழுதிவிடலாம். 'கொன்றவர் நம் ஊர்க்காரர்' என்று எழுதத்தான் கை வராது.

பிரான்ஸ். 1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரிஸிலும் சுற்றுவட்டாரத்திலும் 13,152 யூதர்கள் கைதானார்கள், அதில் 4,000-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். கதவைத் தட்டியது பிரெஞ்சுப் போலீஸ். குடும்பங்களை வெல் திவ் என்ற சைக்கிள் பந்தய அரங்கில் நாள்கணக்கில் அடைத்துவைத்து, பிறகு முகாம்களுக்கு அனுப்பினார்கள். 'அது ஜெர்மனியோடு ஒத்துழைத்த விஷி ஆட்சி செய்தது, பிரெஞ்சுக் குடியரசு பொறுப்பல்ல' என்பதே போருக்குப் பின் வந்த தலைவர்களின் நிலைப்பாடு. 1995 ஜூலை 16 அன்று அதிபர் ஜாக் ஷிராக் அந்த இடத்தில் நின்று, ஆக்கிரமிப்பாளரின் வெறிக்கு பிரெஞ்சு அரசும் துணைபோனது என்று ஒப்புக்கொண்டார். ஐம்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின.

போலந்து. யெட்வாப்னே என்ற சிற்றூரில் 1941 ஜூலை 10 அன்று யூதர்களை ஒரு களஞ்சியத்துக்குள் அடைத்து உயிரோடு எரித்தார்கள். கெஸ்டபோ என்ற நாஜி ரகசியப் போலீசும் ஜெர்மன் காவல்படையும் 1,600 பேரை எரித்தன என்றது அங்கே நின்ற பழைய கல். உண்மையில் தீ வைத்ததில் கை வைத்தவர்கள் அதே ஊர்ப் போலந்துக்காரர்கள். 2000-ல் இது பொதுவெளிக்கு வந்ததும் நாடே கலங்கியது. பலியானவர்கள் குறைந்தது 340 பேர் என்று அரசு விசாரணை சொன்னது. பழைய கல் போனது. 2001-ல் அதிபர் க்வாஷ்னியெவ்ஸ்கி அங்கே போய் மன்னிப்புக் கேட்டார். சரி, புதிய கல்லில் என்ன எழுதினார்கள்? யூத ஆண்கள், பெண்கள், குழந்தைகள், இந்த மண்ணின் சக வாசிகள், இங்கே கொல்லப்பட்டு உயிரோடு எரிக்கப்பட்டார்கள் என்று. யாரால் என்பது அதில் இல்லை. பொய்யை நீக்க அறுபது ஆண்டுகள் எடுத்தன. அந்த இடத்தில் உண்மையை எழுத அப்போதும் முடியவில்லை.

ஹங்கேரி. ஒரே நகரத்தில் இரண்டு சின்னங்களை வைத்தே இந்தச் சிக்கலைப் புரிந்துகொள்ளலாம். புடாபெஸ்டில் டான்யூப் ஆற்றங்கரையில் இரும்பில் வார்த்த அறுபது ஜோடி காலணிகள் வரிசையாக இருக்கின்றன, 2005-ல் வைத்தவை. ஆண்களின் பூட்ஸ், குதிகால் செருப்பு, குழந்தையின் காலணி. தேய்ந்து வளைந்தது, கயிறு அவிழ்ந்தது, ஒருபக்கமாகச் சாய்ந்து விழுந்தது என்று ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. 1944-45 குளிர்காலத்தில் ஹங்கேரியின் நாஜி ஆதரவுக் கட்சியான அம்புச் சிலுவைக் கட்சியின் ஆயுதக் கும்பல் யூதர்களை இங்கே கொண்டுவந்து, காலணிகளைக் கழற்றச் சொல்லிவிட்டு, ஆற்றுக்குள் விழும்படி சுட்டது. காலணிக்கு விலை இருந்தது. வருகிறவர்கள் அந்த இரும்புக் காலணிகளுக்குள் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்துவிட்டுப் போகிறார்கள். அங்குள்ள பலகை, கொன்றது அம்புச் சிலுவைக் கும்பல் என்று தெளிவாகச் சொல்கிறது. செத்தவர்கள் யூதர்கள் என்று அதில் இல்லை.

அதே நகரத்துச் சுதந்திரச் சதுக்கத்தில் 2014 ஜூலையில் இன்னொரு சின்னம் வந்தது. ஹங்கேரியைக் குறிக்கும் கபிரியேல் தேவதூதர் மேல் ஜெர்மன் கழுகு பாய்கிறது. 'ஜெர்மன் ஆக்கிரமிப்பில் பலியானவர்களுக்கு' என்று எழுத்து. ஆனால் 1944 மே 15 முதல் ஜூலை 9 வரை எட்டே வாரத்தில் சுமார் 4,37,000 யூதர்களைப் பிடித்து ரயிலேற்றியது ஹங்கேரியின் சொந்தக் காவல்படை. யூதர்களுக்கு எதிரான சட்டங்கள் அங்கே 1938-லேயே வந்துவிட்டன. பாவம் அறியாத தேவதூதராக நாட்டைக் காட்டியதில் யூதக் குடும்பங்கள் கொதித்துப்போயின. போலீஸ் காவலோடு இரவில் சிலைகளைப் பொருத்தினார்கள்; திறப்பு விழாவே நடக்கவில்லை. அதற்கு நேர் எதிரே மக்கள் தாங்களாகவே கயிறு கட்டி, புகைப்படம், கடிதம், பழைய பெட்டி, கூழாங்கல் என்று வைத்து எதிர்ச் சின்னம் ஒன்றை உருவாக்கினார்கள். மழைக்காக பிளாஸ்டிக் உறை போட்ட அந்தக் காகிதங்களில்தான், அரசுக் கல் எழுதாத பெயர்கள் இருக்கின்றன.

5. ஜெர்மனி: பெரிய மைதானமும் சின்னக் கல்லும்

கொன்றவர் யார் என்பதில் ஜெர்மனிக்கு ஒளிய இடமில்லை. அங்கே வாதம், எப்படி நினைவுகூர்வது என்பதில்தான்.

பெர்லினில் பிராண்டன்பர்க் வாயிலுக்குப் பக்கத்தில், கட்டடக் கலைஞர் பீட்டர் ஐசன்மன் வடிவமைத்த நினைவிடம் 2005 மே மாதம் திறக்கப்பட்டது. 19,000 சதுர மீட்டரில் 2,711 கான்கிரீட் கட்டைகள். ஓரத்தில் முழங்கால் உயரம். உள்ளே போகப் போக நாலரை மீட்டருக்கும் மேல். நடுவே ஒருவர் மட்டும் போகும் அகலத்தில் பாதை. கூட வந்தவர் சட்டென்று கண்ணிலிருந்து மறைந்துவிடுவார். கட்டைகளில் பெயரோ எழுத்தோ எதுவும் இல்லை. 'கொல்லப்பட்ட ஐரோப்பிய யூதர்களுக்கான நினைவிடம்' என்பதுதான் அதன் அதிகாரபூர்வப் பெயர். 'கொல்லப்பட்ட' என்று வெளிப்படையாகச் சொல்லும் பெயர் அது.

கட்டும்போது 2003-ல் ஒரு சிக்கல் வந்தது. கட்டைகளில் யாரும் கிறுக்காமல் இருக்கப் பூசிய ரசாயனத்தை டெகுசா நிறுவனம் கொடுத்திருந்தது. நாஜி காலத்தில் முகாம்களுக்கு சைக்லோன் பி நச்சுவாயுவை விற்ற கம்பெனியில் டெகுசாவுக்குப் பங்கு இருந்தது. வேலை நின்றது, கடும் விவாதம் நடந்தது, பிறகு அதே பூச்சோடு தொடர்ந்தது. குற்றம் எவ்வளவு தூரம் ஒரு நாட்டின் தொழில், வணிகத்துக்குள் ஊறியிருந்தது என்பதை எந்தச் சிற்பமும் இவ்வளவு தெளிவாகக் காட்டியிருக்காது.

பெயர்கள் கீழே நிலத்தடித் தகவல் மையத்தில் இருக்கின்றன. ஓர் இருட்டறையில் ஒவ்வொரு பெயராகச் சுவரில் ஒளிரும். சின்னதாக வாழ்க்கைக் குறிப்பு ஒலிக்கும். அப்படி எல்லாரையும் வாசித்து முடிக்க 6 ஆண்டு, 7 மாதம், 27 நாள் ஆகும் என்று கணக்குச் சொல்கிறார்கள். 60 லட்சம் என்ற எண் எனக்குப் புரிந்தது இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான்.

இதற்கு நேர்மாறான வழி நடைபாதைக் கல். ஜெர்மன் மொழியில் 'ஸ்டோல்பர்ஸ்டைன்', தடுக்கும் கல். கலைஞர் குன்டர் டெம்னிக் 1992-ல் கொலோன் நகரில் முதல் கல்லைப் பதித்தார். 1996-ல் பெர்லினில் அனுமதி வாங்காமலேயே பதித்தார். 2023-ல் ஒரு லட்சமாவது கல்லும் வந்துவிட்டது. யூதர்களோடு ரோமா மக்கள், ஒருபாலின ஈர்ப்பாளர்கள், யெகோவாவின் சாட்சிகள் போன்றோருக்கும் கல் உண்டு. எழுத்துகளை இயந்திரம் பொறிப்பதில்லை. ஒவ்வொரு எழுத்தாகச் சுத்தியலால் தட்டுகிறார்கள். வாசகம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: இங்கே வாழ்ந்தார், பெயர், பிறந்த ஆண்டு, நாடு கடத்தப்பட்ட ஆண்டு, கொல்லப்பட்ட இடம். ஐந்தாறு வரிதான். ஒரு வாசலில் நான்கு கல் சேர்ந்திருந்தால் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று பிறந்த ஆண்டுகளே சொல்லிவிடும். படிக்க வேண்டுமானால் குனிந்தாக வேண்டும்.

மியூனிக் யூதச் சமூகத்தின் தலைவர் ஷார்லோட்டே க்னோப்லோக்கின் மறுப்பு இந்த இடத்தில்தான். சிறுமியாக இருந்தபோது ஒரு கத்தோலிக்கப் பண்ணைக் குடும்பத்தில் ஒளித்துவைக்கப்பட்டு உயிர் பிழைத்தவர் அவர். தரையில் போட்டு மிதிக்கப்பட்ட மனிதர்களின் பெயரை மறுபடி காலடியில் வைப்பதா என்று கேட்டார். கொல்லப்பட்டவர்களின் வாரிசுகள் வேறு பலர், எங்கள் பாட்டி வாழ்ந்த வாசலில் அவர் பெயர் இருக்கட்டும் என்று வேண்டினார்கள். 2015-ல் மாநகராட்சி தடையை உறுதி செய்தது. 2018 முதல் வீட்டுச் சுவரிலும் வாசல் தூணிலும் கண் மட்டத்தில் பெயர்ப்பலகை வைக்கிறார்கள். இந்த வழக்கில் இரு தரப்பும் நேசத்தால் பேசுகிறவர்கள். யார் பக்கம் சரி என்று வெளியாள் தீர்ப்புச் சொல்ல முடியாது. எங்கே வைப்பது என்பதில்தான் பிணக்கு. பெயரும் வேண்டும், வாசலும் வேண்டும் என்பதில் இருவரும் ஒன்று.

6. இப்போது நடப்பது

காஸா போருக்குப் பிறகு இந்த நினைவிடங்கள் மேல் புதிய பாரம் ஏறியிருக்கிறது. 2024 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாமில் தேசியப் படுகொலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது இஸ்ரேல் அதிபர் வந்தார். வெளியே போராட்டம் நடந்தது. படுகொலையில் செத்தவர்களின் பெயரை எந்த அரசும் தன் இன்றைய கொள்கைக்குக் கேடயமாக்குவது தவறு. அதேபோல, ஒரு அரசின் மேலுள்ள கோபத்தை 1942-ல் செத்த குழந்தையின் நினைவுக்கல் மேல் காட்டுவதும் தவறு. அந்தக் குழந்தை இஸ்ரேல் என்ற நாடு உருவாவதைப் பார்க்கவே இல்லை.

அதே ஆம்ஸ்டர்டாமில் 2021-ல் திறந்த பெயர்ச் சுவரில் 1,02,000-க்கும் மேற்பட்ட செங்கற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், பிறந்த தேதி, சாகும்போது வயது. பெயர் தெரியாதவர்களுக்காகச் சில செங்கற்களில் எதுவும் எழுதாமல் விட்டிருக்கிறார்கள்.

7. இன்னும் கிடைக்காத பெயர்கள்

ஜெருசலேமில் உள்ள யாட் வஷெம், படுகொலையில் இறந்தவர்களை நினைவுகூர இஸ்ரேல் 1953-ல் சட்டம் போட்டு அமைத்த நிறுவனம். எபிரேய வேதாகமத்தின் ஏசாயா நூலிலிருந்து எடுத்த பெயர். 'நினைவுச்சின்னமும் பெயரும்' என்று பொருள். அங்கே 'சாட்சியப் பக்கம்' என்று ஒரு படிவம் உண்டு. கொல்லப்பட்டவரின் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த ஊர், செய்த தொழில், செத்த இடம் ஆகியவற்றை உறவினரோ அண்டை வீட்டுக்காரரோ நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். படிவங்களையும் பழைய ஆவணங்களையும் சேர்த்து இதுவரை சுமார் 50 லட்சம் பெயர்களைத் திரட்டியிருக்கிறார்கள்.

மீதிப் பெயர்கள் ஏன் கிடைக்கவில்லை? மேற்கு ஐரோப்பாவில் ரயிலேற்றும் முன் பட்டியல் போட்டார்கள். அந்தப் பட்டியல்கள் இருக்கின்றன. கிழக்கே பள்ளத்தாக்கில் சுட்டபோது தலைகளை எண்ணினார்கள், பெயரை யாரும் கேட்கவில்லை. பல ஊர்களில் தாத்தா முதல் கைக்குழந்தை வரை, பக்கத்து வீடு, பள்ளி ஆசிரியர், கடைக்காரர் எல்லாரும் ஒரே நாளில் போனார்கள். படிவத்தை நிரப்பத் தெரிந்தவர் யாரும் மிஞ்சவில்லை. பெயர்கள் மண்டபத்தில் அந்தக் கோப்புகளை வட்டச் சுவர் முழுக்க அடுக்கி வைத்திருக்கிறார்கள். 60 லட்சம் பக்கங்களுக்கு இடம் விட்டுக் கட்டிய அலமாரிகள் அவை. இன்னும் சில தட்டுகள் காலியாக இருக்கின்றன.